முற்றத்தில் முளைத்த கபுறு

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கபுறு முளைத்தது. யாரும் தோண்டாத, யாரையும் அடக்காத கபுறு. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் வாயில் தேத்தண்ணி வைக்கும் முன்னமே அது அங்கே படுத்திருந்தது.

இப்படி நான் ஆரம்பித்தால் உக்குவளையில் என்னைத் தெரிந்தவர்கள் முதலில் பத்தால் வகுத்துக்கொள்வார்கள். இந்த வகுத்தல் கணக்கைக் கண்டுபிடித்தவள் என் மனைவி கைறுன்னிஸா. கல்யாண வீட்டில் முந்நூறு பேர் என்று நான் சொன்னால் அவள் முப்பது பிளேட்டை மனதில் கழுவுவாள். அது என் குற்றமல்ல. முப்பத்தைந்து வருஷம் நில அளவையாளனாக இருந்தவன் நான். அரை அங்குலம் பிசகினால் கூடப்பிறந்தவர்கள் கத்தி எடுத்துக்கொண்டு வேலிக்கு வருகிற ஊர்களில் சங்கிலி பிடித்து, உள்ளதை உள்ளபடி மட்டுமே சொல்லி, வாய் வறண்டு போனவன். பென்ஷன் வந்த அன்று நாக்கை அவிழ்த்துவிட்டேன். அது இன்னும் வீடு திரும்பவில்லை.

ஆகவே புற்றரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியன் புல். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகிற ரயில் எங்கள் வேலிக்குப் பக்கத்தில் வரும்போது வேகத்தைக் குறைக்கும். டிரைவருக்கு என் புல்லைப் பார்க்காமல் போக மனம் வருவதில்லை. அடுத்த வளைவில் ஸ்டேஷன் இருப்பதால்தான் ரயில் வேகம் குறைகிறது என்று கைறுன்னிஸா சொல்வாள். சொல்லட்டும். மொத்தம் நாலு பேர்ச், ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி. நான் வெளியே சொல்வது நாற்பது.

அந்தப் புல்லின் நடுவில்தான் அது வந்தது. அதற்கு முந்திய கிழமை முழுக்க லேசான மஞ்சள், பழைய பாயில் தேத்தண்ணி சிந்தின மாதிரி. வெயில் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை பார்த்தால் வைக்கோல் நிறம். சுற்றிலும் பச்சை, நடுவில் மட்டும் செத்த புல். அது வட்டமாக இருந்திருந்தால் எனக்கு ஒன்றுமே தோன்றியிருக்காது. ஓரங்கள் நேராக இருந்தன. நாலு மூலையும் கச்சிதமாக.

கை பழக்கதோஷத்தில் நாடாவை எடுத்து வந்து அளந்தேன். நீளம் ஆறடி ஒன்றரை அங்குலம். அகலம் இரண்டடி நாலு அங்குலம். அதோடு நிறுத்தியிருக்கலாம். அல்மாரிக்குள் கிடந்த திசைகாட்டியையும் கொண்டுவந்து வைத்தேன். முள் கொஞ்சம் ஆடி நின்றது. தெற்கு வடக்கு, ஒரு பாகை கூடப் பிசகில்லை. எங்கள் மையவாடியில் எல்லாரும் எப்படிப் படுத்திருக்கிறார்களோ அப்படியே. தலை வடக்கே, முகம் கிப்லாவைப் பார்க்க.

என் உயரம் ஐந்தடி ஏழு. நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு நான் தாராளமாக அதில் படுக்கலாம் என்று மூளை தானாகவே கணக்குப் பார்த்தது. நாடா கையை விட்டு நழுவிச் சரசரவென்று தன் கூட்டுக்குள் ஓடிப்போனது. அதற்கும் பயம்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு காலை மட்டும் உள்ளே வைத்தேன். புதைந்தது. புதிதாக மூடின கபுறின் மேல் தெரியாமல் மிதித்துவிட்டால் எப்படி மெத்தென்று உள்வாங்குமோ, அதே மாதிரி. குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடித்தேன். இழுக்கவே இல்லை, பிடித்ததோடு சரி. பாயைச் சுருட்டுவது போல அது வேரில்லாமல் அப்படியே கையோடு எழும்பி வந்தது. தூங்குகிறவர் மேல் போர்வையை இழுத்து விடுவது போல மெதுவாகத் திரும்ப வைத்துத் தட்டிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். என் இருதயம் அடித்த சத்தத்தில் உக்குவளைப் பாலம் ஆடியிருக்கும்.

கைறுன்னிஸா தேத்தண்ணியோடு நின்றாள். நாடாவை வைத்துக்கொண்டு என்ன அளந்தீர்கள் என்று கேட்டாள். நான் புல் கொஞ்சம் பழுத்திருக்கிறது, ஒரு மூன்றடி இருக்கும், சின்ன விஷயம் என்றேன்.

கோப்பையை அவள் மேசையில் வைத்த விதமே சரியில்லை. முற்றத்தில் இறங்கிப் போய், ஓரத்தில் குந்தி, கையால் சாண் சாணாக அளந்தாள். எட்டுச் சாண். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

"நாப்பத்தொரு வருஷமா நீங்க எதையும் கொறச்சுச் சொன்னதில்ல," என்றாள். "இத மட்டும் ஏன் கொறச்சீங்க?"

அறுபது அடி என்று சொல்லியிருந்தால் பத்தால் வகுத்துவிட்டு மீன் கழுவப் போயிருப்பாள். நான் குறைத்துச் சொன்னதுதான் அவளை உலுக்கிவிட்டது. புருஷன் பயந்துவிட்டான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

பத்து நிமிஷத்தில் தெஹிவளையில் இருக்கிற எங்கள் மகள் நுஸ்லாவுக்குப் போன் போனது. மகள் நாலு வருஷமாக எங்களை அங்கே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கபுறு ஒரு சாட்டு. சனிக்கிழமை காலை வேனோடு வருகிறேன், இரண்டு பேரும் உடுப்பைக் கட்டி வையுங்கள், வீட்டை விற்பதைப் பிறகு பேசலாம் என்று முடித்துவிட்டாள். கைறுன்னிஸா கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய சூட்கேஸை இழுத்தாள். இந்த வாசலில் கபுறு கிடக்கும் வரைக்கும் நான் இங்கே இருக்கமாட்டேன், போனால் திரும்பியும் வரமாட்டேன் என்று அதன் மூடியைத் திறந்துகொண்டே சொன்னாள். அவள் சொல்வதைப் பத்தால் வகுக்க முடியாது.

தெஹிவளையில் மகள் வீடு நாலாம் மாடி. அங்கே பச்சையாக இருக்கிற ஒரே பொருள் குளியலறை டைல்.

புதன்கிழமை விடிந்து பார்த்தபோது நிலைமை மோசமாகியிருந்தது. கபுறின் தலைமாட்டில் மண் கிளறப்பட்டிருந்தது. சிறு சிறு குழிகள், பிய்த்தெறிந்த புல் கட்டிகள். உள்ளேயிருந்து யாரோ விரலை விட்டுப் பார்த்த மாதிரி என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு கைறுன்னிஸா முற்றத்தில் கால் வைக்கவில்லை. கொடியில் காய்ந்த உடுப்பு கொடியிலேயே கிடந்தது. மஃரிபுக்கு முன் யன்னல்களைச் சாத்தினால் காலை ஒன்பது மணிக்குத்தான் திறந்தோம். நான் பயத்தால் சாத்தவில்லை. யன்னலுக்கு ஓய்வு வேண்டாமா.

பக்கத்து வீட்டு அபீபா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். எல்லாருக்கும் நல்லது நினைக்கிற பொம்பளை, நல்லதைச் சொல்லத் தெரியாதவள். இப்படித்தான் தன் மாமாவின் வளவில் ஒரு தென்னை காரணமில்லாமல் பட்டதாகவும், நாற்பதாம் நாள் மாமாவும் போய்விட்டதாகவும் சொன்னாள். மாமாவுக்கு அப்போது தொண்ணூற்றிரண்டு வயது என்பதை நான் ஞாபகப்படுத்தினேன். தென்னைக்கு முப்பதுதானே என்று பதில் சொன்னாள்.

அன்று பின்னேரம் பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டோம். அவர் பொறுமையான மனிதர். இது மண், மண்ணுக்குப் பயப்படுவது இறைநம்பிக்கையுள்ள மூமினுக்கு அழகில்லை, வைத்தியம் தெரிந்தவர்களைக் கேளுங்கள் என்று நல்ல வார்த்தை சொன்னார். கைறுன்னிஸாவின் மனம் ஆறட்டும் என்று அந்த இடத்துக்கு ஊற்றச் சொல்லி ஒரு வாளித் தண்ணீரில் ஓதியும் கொடுத்தார். எல்லாம் சரி. ஆனால் கேட்டுக்குப் போகும்போது நேரே நடக்காமல் அந்த இடத்தை நன்றாகச் சுற்றிக்கொண்டு போனார். நானும் பார்த்தேன், யன்னலுக்குப் பின்னால் நின்று அவளும் பார்த்தாள். சூட்கேஸில் இன்னும் இரண்டு சேலை ஏறியது.

வைத்தியம் தெரிந்தவர் என்று அவர் சொன்ன வார்த்தை மட்டும் எனக்குள் கிடந்து குடைந்தது. புல்லுக்கு வைத்தியம் பார்க்கிறவர் யார்? வியாழக்கிழமை மத்தியானம் கமநல சேவை நிலையத்துக்குப் போனேன். அங்கே விவசாயப் போதனாசிரியர் துஷாரா மிஸ் இருந்தார். இரத்தோட்டைப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். மிளகுக் கொடி வாடுகிறது என்று வந்த ஒருவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். என் முற்றத்தில் கபுறு முளைத்திருக்கிறது என்றேன்.

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. புல் கையோடு கழன்று வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். மிதித்தால் பஞ்சு மாதிரி இருக்கிறதா? இருக்கிறது. காலையில் காகம், செண்பகப் பறவை வந்து கொத்துகிறதா? அதைப் பார்க்க நான் யன்னலைத் திறந்திருக்க வேண்டுமே. அந்த விஷயத்தைச் சொல்லாமல், எங்கள் பக்கம் பறவைகள் குறைவு என்றேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னமே வந்து பார்க்கிறேன் என்றார்.

சொன்னபடியே ஒன்பது மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஒரு வாளி தண்ணீரும் சவர்க்காரத் தூளும் ஒரு பழைய கத்தியும் கேட்டார். கபுறுக்குள் இருக்கிற மையித்தைக் குளிப்பாட்டவா என்று அபீபா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகக் கேட்டாள். யன்னல் கம்பியைப் பிடித்திருந்த கைறுன்னிஸாவின் விரல்கள் வெளுத்தன.

முதலில் சவர்க்காரத் தண்ணீரை நுரையோடு கபுறின் ஓரத்தில், பச்சையும் வைக்கோலும் சேர்கிற இடத்தில் ஊற்றினார். புல்லைத் தின்னும் கம்பளிப்புழு இருந்தால் இந்தக் காரம் தாங்காமல் மேலே ஏறிவரும் என்றார். நாங்கள் காத்திருந்தோம். அவர் மணிக்கூட்டில் அது பத்து நிமிஷம். எனக்கு அது ஒரு ரமழான். இரண்டு மண்புழு மட்டும் கோபத்தோடு வெளியே வந்து வேறு இடம் தேடிப்போயின.

"மேல இல்ல அங்கிள்," என்றார் துஷாரா மிஸ். "அடியில இருக்கு. மூணு பக்கம் வெட்டித் தெறந்து பாக்கணும். நீங்களே வெட்டுங்க."

கத்தியை என் கையில் தந்துவிட்டார். வேறு யாராவது வெட்டுவார்கள் என்று நினைத்திருந்த மனிதனிடம் செய்கிற காரியமா இது. ஓர் அடிக்கு ஓர் அடி நாடா பிடித்துக் குறித்தேன். கத்தியை வைத்தேன். அது பிட்டில் இறங்குவது போல இறங்கியது. மூன்று பக்கம் வெட்டினேன். நாலாவது பக்கம் கீலாக நின்றது. பெட்டியின் மூடியைத் திறப்பது போலப் புல்லைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன்.

ஈர மண் வாசனை முகத்தில் அடித்தது. மண்ணுக்குள் விரல்கள் இருந்தன. வெள்ளை வெளேரென்று, மடங்கிய விரல்கள். ஒன்றல்ல, இரண்டல்ல. அதில் ஒன்று அசைந்தது.

நான் பாய்ந்த பாய்ச்சலில் உக்குவளை ஸ்டேஷன் மேடையில் போய் இறங்கினேன். ஓர் அடிதான் பின்னால் வைத்தேன் என்று துஷாரா மிஸ் இன்றைக்கும் சொல்வார். வீட்டுக்குள் கைறுன்னிஸா கலிமாச் சொல்வது கேட்டது.

துஷாரா மிஸ் குனிந்து அந்த விரல்களில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பிறை போல வளைந்து கிடந்தது. பழுப்புத் தலை, முன்பக்கம் ஆறு கால், பின்பக்கம் மண் தின்ற கறுப்பு வயிறு.

"வெள்ளப்புழு. வண்டோட குஞ்சு," என்றார். "வேரத் தின்னுட்டு இருக்கு. அதான் புல்லு கையோட வருது. எத்தன இருக்குன்னு எண்ணுங்க அங்கிள். இந்தச் சதுரத்துல பத்துக்கு மேல இருந்தா புல்லச் சாகடிச்சது இதுதான். மூணு நாலுன்னா புல்லு தாங்கிக்கிரும். அப்ப வேற காரணந்தான் தேடணும்."

வேற காரணம் என்ற சொல் யன்னலுக்குள் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

எண்ணினேன். குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளி, வாழ்நாளில் எந்த எல்லைக்கல்லையும் எண்ணாத கவனத்தோடு எண்ணினேன். முப்பத்தெட்டு. ஒன்று கூடவில்லை, குறையவில்லை. நிமிர்ந்து சத்தமாகச் சொன்னேன்.

"மூணு, நாலு இருக்கும் மிஸ்," என்றது யன்னல்.

யன்னல் பக்கம் திரும்பினேன். கைறுன்னிஸா, சத்தியமாகத்தான் சொல்கிறேன் என்றேன், சத்தியம் செய்யாதீர்கள் என்றாள். இரண்டு தரம் எண்ணினேன் என்றேன், அப்படியென்றால் இரண்டு புழுதான் இருக்கும் என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. மூன்று நாலு புழு கபுறு கட்டுமா என்று மிஸ்ஸிடம் கேட்டாள். பிறகு உள்ளே சூட்கேஸின் சிப் இழுபடும் சத்தம் கேட்டது. பென்ஷன் எடுத்த நாளிலிருந்து நான் ஊதிவிட்ட இலக்கங்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்து என் மென்னியைப் பிடித்தன. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கபுறுக்கு அல்ல. வெறும் வீட்டுக்கு.

துஷாரா மிஸ் யன்னலடிக்குப் போனார்.

"அன்ரி, அவர நம்ப வேணாம். என்னையும் நம்ப வேணாம். நீங்களே வந்து எண்ணுங்க."

ரயில் ஒன்று வந்து, வேகம் குறைந்து, போனது. பிறகு வாசல் திறந்தது. முக்காட்டை இறுக்கிக்கொண்டு, அரிசி புடைக்கிற சுளகையும் ஒரு கரண்டியையும் பிடித்துக்கொண்டு கைறுன்னிஸா வந்தாள். லெப்பை சுற்றிப்போன அதே இடத்துக்கு வந்ததும் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. நான் கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. தானாகவே ஒரு கால் வைத்தாள், புதைந்தது, கண்ணை மூடிக்கொண்டு மற்றக் காலையும் வைத்தாள்.

குந்தியிருந்து கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சுளகில் போட்டாள். அரிசியில் கல் பொறுக்குகிற கை. முதல் ஐந்து புழுவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தாள். பத்தில் நேராகப் பார்த்தாள். இருபதில் முக்காட்டுத் தலைப்பைப் பின்னால் தள்ளிவிட்டாள். முப்பதில் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள், அது துஆ இல்லை, வசவு. முப்பத்தெட்டாவதைப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு திருப்பி வைத்திருந்த புல்லின் அடிப்பக்கத்தைக் கரண்டியால் கிளறினாள். ஒன்று விழுந்தது.

"முப்பத்தொம்பது," என்றாள். "ஒன்ன உட்டுட்டீங்க."

என் காலம் முழுவதற்கும் எனக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ் அது. அவள் எழும்பவில்லை. புழு என்றால் புழுதான், அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் புழுவுக்குத் தெற்கும் வடக்கும் யார் சொல்லிக் கொடுத்தது என்று மிஸ்ஸிடம் கேட்டாள். நியாயமான கேள்வி.

துஷாரா மிஸ் யோசித்தார். இந்த இடத்தில் முன்னர் என்ன இருந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் தார்ப்பாய் ஞாபகம் வந்தது.

மார்ச் மாதம் மிளகுக் கொடிக்கென்று கால் டிரெக்டர் பெட்டி மாட்டெரு இறக்கியிருந்தேன். பாதி உக்கினது. முற்றத்தில் அலங்கோலமாகக் கிடந்தால் கண்ணுக்கு உறுத்தும் என்று நூல் பிடித்து, திசைகாட்டி வைத்து, நாலு மூலையும் மட்டமாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியதும் நானேதான். மே மாதம் எருவை அள்ளிக் கொடிக்குப் போட்டுவிட்டு அந்த வெறும் இடத்தில் புதுப்புல் பதித்தேன். ஆறடிக்கு இரண்டடி. தெற்கு வடக்கு. ஒரு பாகை பிசகாமல்.

ஏப்ரல் மழையில் வண்டுகள் வெளிச்சத்துக்கு வரும், விறாந்தை பல்ப்பில் மோதி விழும், எரு வாசனைக்குத் தார்ப்பாய் ஓரத்தால் போய் அடி மண்ணில் முட்டையிடும், அவ்வளவுதான் என்று மிஸ் விளக்கினார். எனக்குப் பாதி காதில் விழவில்லை. கைறுன்னிஸா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாள் பயம் அவள் முகத்திலிருந்து வடிந்து, அந்த இடத்துக்கு வேறொன்று ஏறுவதைப் பார்த்தேன். அதற்கும் நான் பயந்தேன், ஆனால் அது பழகின பயம்.

சுளகை என் கையில் தந்துவிட்டு மகளுக்குப் போன் எடுத்தாள்.

"வேன் வேணாம் மகள். உன்ட வாப்பா மாட்டெருவால கபுறு கட்டிவெச்சிருக்காரு."

இருப்பதிலேயே கடுமையான மருந்து எது என்று மிஸ்ஸிடம் கேட்டேன். பழிவாங்கும் வெறியில் இருந்தேன். கிணறு எத்தனை அடி தூரத்தில் என்று திருப்பிக் கேட்டார். பதினெட்டு அடி என்று உள்ளதைச் சொன்னேன். அப்படியானால் மருந்து வேண்டாம், புழுவைத் தின்ன வருகிற பறவைகளும் சாகும் என்றார். செத்த புல்லை உரித்து மண்ணைக் கொத்திவிடுங்கள், புழுவைக் கையால் பொறுக்குங்கள், மிச்சத்தைக் காகமும் செண்பகமும் பார்த்துக்கொள்ளும், காலையில் குழி பறித்தது அதுகள்தான் என்றார். வேப்பங்கொட்டையை இடித்து ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை ஓரங்களுக்கு ஊற்றச் சொன்னார். உக்காத எருவைப் புல் பக்கமே கொண்டுவரக் கூடாது. அடுத்த ஏப்ரலில் முதல் மழை விழுந்ததும் மாலையில் விறாந்தை விளக்கை அணைத்துவிட வேண்டும். கடைசியாக, இந்த ஈரத்தில் புழுவுக்குக் கொண்டாட்டம், இந்த இடத்துக்கு மட்டும் யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார். நானும் கைறுன்னிஸாவும் ஒரே நேரத்தில் ரயில் வருகிறதா என்று பார்த்தோம்.

அன்று ஜும்ஆ முடிந்து வந்து பொறுக்கத் தொடங்கியவன், ஆறு நாள் பொறுக்கினேன். பின்னேரம் பின்னேரம் கைறுன்னிஸா கதிரையைப் போட்டு உட்கார்ந்து சுளகை வாங்கி எண்ணுவாள். ஸ்டேஷன் தேத்தண்ணிக் கடையில் அந்தப் புழுக்கள் ஒவ்வொன்றும் வாழைப்பழ அளவுக்கு வளர்ந்துவிட்டன. கபுறு அறுபது அடி. அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை, அவர்கள் வகுத்துக்கொள்வார்கள்.

சூட்கேஸ் மட்டும் கட்டிலுக்கு அடியில் போகாமல் சுவரோரமாகவே நின்றது. அதை நான் கேட்கவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை, கிணற்றடிப் பக்கம் புல்லில் ஒரு மஞ்சள் தெரிந்தது. குனிந்து பிடித்தேன், புல் கையோடு வந்தது. நாடா வைத்தேன். நிமிர்ந்தபோது வாசற்படியில் கைறுன்னிஸா நின்றாள். எவ்வளவு என்று கேட்டாள்.

கூட்டவும் ஆசை வந்தது, குறைக்கவும் ஆசை வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

"ஒரு அடி ஒம்பது அங்குலம். வட்டம்."

என் முகத்தைப் பார்த்தாள். சாண் பிடிக்க வரவில்லை. வகுக்கவும் இல்லை. உள்ளே போய்ச் சுளகையும் கரண்டியையும் எடுத்து வந்து, போகிற வழியில் சூட்கேஸைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

"கத்திய எடுங்க," என்றாள். "மூணு பக்கம்."